ஓஷன்ஸ் லெவன்: பதினோரு பேரும், கூடவே நாமும்

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "‘ஓஷன்ஸ் லெவன்’ படத்தைப் பலரும் ரசித்துச் சொல்கிறார்கள். நானும் பார்த்தேன். பெரிய நடிகர்கள் நல்ல சூட் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள், எதையாவது தின்கிறார்கள், கடைசியில் பணத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஆழமும் இல்லை, பதற்றமும் இல்லை. இருபது வருடத்துக்கு மேலாகியும் இதை ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள்?"

ஆழம் இல்லை என்பது சரிதான். ஆனால் லேசான படம் எடுப்பது லேசான வேலை என்று நினைத்துவிடக் கூடாது. நட்சத்திரங்களைக் கூட்டி வைத்து, ஒரு கொள்ளையை நடுவில் வைத்து, சிரிக்கச் சிரிக்க எடுக்கப்பட்ட படங்கள் ஏராளம். பெரும்பாலானவை அடுத்த வருடமே மறந்துபோனவை. இந்தப் படம் நிற்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான்: அது நம்மையும் அந்தக் கும்பலில் சேர்த்துக்கொள்கிறது. இதே தொடரில் வந்த மற்ற படங்கள் எங்கெல்லாம் சறுக்கினவோ, அங்கெல்லாம் நம்மை வாசலிலேயே நிறுத்திவிட்டன. முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசப் போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

கதை இரண்டு வரிக் கதைதான். டேனி ஓஷன் (ஜார்ஜ் க்ளூனி) நியூ ஜெர்சி சிறையிலிருந்து வெளியே வந்ததும் பழைய கூட்டாளி ரஸ்டியைத் (பிராட் பிட்) தேடிப் பிடிக்கிறான். லாஸ் வேகஸில் பெலாஜியோ, மிராஜ், எம்ஜிஎம் கிராண்ட் என்ற மூன்று சூதாட்ட விடுதிகளின் பணமும் ஒரே பெட்டக அறையில் வந்து சேர்கிறது. ஒரு பெரிய குத்துச்சண்டைப் போட்டி நடக்கும் இரவில் அங்கே 15 கோடி டாலருக்கு மேல் இருக்கும். அதை எடுக்கப் பதினோரு பேர். மூன்று விடுதிகளுக்கும் சொந்தக்காரன் டெரி பெனடிக்ட் (ஆன்டி கார்சியா). டேனியின் முன்னாள் மனைவி டெஸ் (ஜூலியா ராபர்ட்ஸ்) இப்போது பெனடிக்டோடு இருக்கிறாள். அவ்வளவுதான்.

2001-ல் வந்த இந்தப் படத்துக்கு ஒரு மூலம் உண்டு. 1960-ல் லூயிஸ் மைல்ஸ்டோன் இயக்கத்தில், ஏறக்குறைய இதே பெயரில் வந்தது. ஃபிராங்க் சினாட்ரா, டீன் மார்ட்டின், சாமி டேவிஸ் ஜூனியர், பீட்டர் லாஃபோர்ட், ஜோயி பிஷப் என்ற நண்பர் கூட்டம் அதில் நடித்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் பகலில் படப்பிடிப்பு, இரவில் சாண்ட்ஸ் ஓட்டல் மேடையில் பாட்டும் கிண்டலும் என்று வேகஸில் அவர்கள் தங்கியிருந்தார்கள். ஊரே அந்த மேடையைப் பார்க்கத் திரண்டது. அவர்களுக்கு அது சந்தோஷமான காலம் என்பது படத்தில் தெரிகிறது. நமக்குத்தான் அதில் பங்கு கிடைக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஒன்றாக இருந்த பழைய சிப்பாய்கள், புத்தாண்டு இரவில் ஐந்து சூதாட்ட விடுதிகளை ஒரே நேரத்தில் கொள்ளையடிக்கிறார்கள் என்பது அருமையான கரு. ஆனால் கொள்ளை தொடங்குவதற்குள் மணிக்கணக்கில் சோபாவில் சாய்ந்து குடித்துக்கொண்டு, அவர்களுக்குள் மட்டுமே புரிகிற கிண்டலைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் படத்தின் முடிவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கொள்ளையடித்த பணத்தை இறந்துபோன ஒரு கூட்டாளியின் சவப்பெட்டியில் ஒளித்து வைக்கிறார்கள். விதவை அவனை அங்கேயே எரியூட்ட முடிவு செய்கிறாள். பணமும் சேர்ந்து சாம்பலாகிறது. நல்ல முடிவுதான். ஆனால் அன்றைக்கு வேறு மாதிரி முடிப்பதும் சுலபமில்லை. குற்றம் செய்தவன் அதன் பலனை அனுபவிப்பதாகக் காட்டக் கூடாது என்ற தணிக்கை விதி 1968 வரை ஹாலிவுட்டில் அமலில் இருந்தது. அதனால்தான் அந்தக் காலத்துக் கொள்ளைப் படங்களில் பணம் காற்றில் பறக்கும், தீயில் எரியும், திருடியவன் கடைசி நிமிடத்தில் சுடப்பட்டுச் சாவான். திருடர்கள் ஜெயிக்கலாம் என்று ஆன பிறகுதான் இந்த வகைப் படத்தில் முழு மனதோடு சிரிக்க முடிந்தது. 2001 படத்தின் நிம்மதியான தொனிக்குப் பின்னால் இந்தச் சுதந்திரமும் இருக்கிறது.

சரி, 2001-க்கு வருவோம். இயக்குநர் ஸ்டீவன் சோடர்பெர்க் அப்போது உச்சத்தில் இருந்தார். ஒரே வருடத்தில் இரண்டு படங்களுக்காக, ‘எரின் ப்ரோக்கோவிச்’, ‘டிராஃபிக்’, ஆஸ்கரின் சிறந்த இயக்குநர் பிரிவில் அவர் பெயர் இரண்டு முறை இடம்பெற்றது. 2001 மார்ச்சில் ‘டிராஃபிக்’ படத்துக்காக ஆஸ்கர் வாங்கினார். அதே மேடையில் ‘எரின் ப்ரோக்கோவிச்’ படத்துக்காக ஜூலியா ராபர்ட்ஸ் சிறந்த நடிகை விருது வாங்கினார். அந்த டிசம்பரில் இந்தப் படம் வந்தது. ஏறக்குறைய 8.5 கோடி டாலரில் எடுத்து, உலகம் முழுக்கச் சுமார் 45 கோடி டாலர் வசூலித்தது. க்ளூனி, பிட், ராபர்ட்ஸ் மூவரும் வழக்கமான சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார்கள். ராபர்ட்ஸுக்குத் திரைக்கதையை அனுப்பும்போது, நீங்கள் ஒரு படத்துக்கு இருபது வாங்குவதாகக் கேள்விப்பட்டேன் என்று எழுதி, கூடவே ஒரு இருபது டாலர் நோட்டையும் க்ளூனி வைத்து அனுப்பினார். ராபர்ட்ஸின் உண்மையான சம்பளம் இருபது மில்லியன், அதாவது இரண்டு கோடி டாலர். படத்தின் பெயர்ப் பட்டியலில் உலகமே அறிந்த அந்த நடிகையை "அறிமுகம்" என்று போட்டிருப்பார்கள். எல்லா இடத்திலும் இந்த மாதிரிச் சின்னக் குறும்புதான்.

நட்சத்திரங்களை இந்தப் படம் எப்படிக் கையாள்கிறது என்பதே என்னை முதலில் கவர்ந்த விஷயம். பெரிய நடிகர்கள் கூடினால், இவருக்கு இத்தனை வசனம், அவருக்கு இத்தனை குளோசப் என்று பங்கு பிரிக்கிற வேலை தொடங்கிவிடும். டெட் கிரிஃபின் எழுதிய திரைக்கதை அதற்குள் போகவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு தொழில், ஒரு பலவீனம், ஒரு நிமிட அறிமுகம். எலியட் கூல்டின் ரூபன் நீச்சல் குளத்தோரம் அங்கியும் பெரிய கண்ணாடியும் சுருட்டுமாக உட்கார்ந்து, வேகஸ் சூதாட்ட விடுதியைக் கொள்ளையடிக்கப் பார்த்த முந்தைய மூன்று பேரின் கதியை விவரிக்கிறான். பெர்னி மேக்கின் ஃபிராங்க் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சருமத்துக்குத் தடவும் கிரீமைப் பற்றி மிருதுவாகப் பேசிக்கொண்டே வேன் விலையைக் குறைக்க வைக்கிறான். கேசி ஆஃப்லெக்கும் ஸ்காட் கானும் சகோதரர்கள். அண்ணன் தம்பி இருக்கும் எந்த வீட்டிலும் கேட்கிற ஓயாத சில்லறைச் சண்டைதான் அவர்கள் வேலை முழுக்க. கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தின்போது மிருதங்கக்காரர் வாசித்து முடித்துக் கடத்துக்கு இடம்விட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார் இல்லையா, அந்த மரியாதை இதில் இருக்கிறது. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் நிஜமாகவே கேட்கிறார்கள்.

மேட் டேமனைப் பாருங்கள். அதற்கு முன்பே அவர் திரைக்கதைக்காக ஆஸ்கர் வாங்கியவர், கதாநாயகனாக நிலைபெற்றவர். இங்கே அவர் லைனஸ் என்ற கற்றுக்குட்டி. பெரியவர்கள் முக்கியமானதைப் பேசும்போது வெளியே நிறுத்தப்படுகிறவன். சூதாட்டக் கட்டுப்பாட்டு அதிகாரியாக வேடம் போட்டுப் போவதற்கு முன் ரஸ்டி அவனுக்குப் பாடம் எடுக்கிறான்: எப்படி நிற்க வேண்டும், எங்கே பார்க்க வேண்டும், எவ்வளவு பேச வேண்டும். கடைசியாக, எது நடந்தாலும் இதை மட்டும் செய்துவிடாதே என்று தொடங்கும் நேரத்தில் வேறு யாரோ கூப்பிட, வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு ரஸ்டி நடந்து போய்விடுகிறான். லைனஸ் முகத்தில் அப்போது வரும் திகில்! அந்த முகத்துக்காகவே இந்தக் காட்சியை எத்தனை முறையும் பார்ப்பேன்.

பிட் ஏன் தின்றுகொண்டே இருக்கிறார் என்று கேள்வியில் ஒரு குறை தெரிந்தது. அது நடிகர் யோசித்து வைத்தது. திட்டம் போடுகிறவனுக்கு உட்கார்ந்து சாப்பிட நேரமே கிடைக்காது, கையில் கிடைத்ததைக் கொறித்துக்கொண்டே வேலை பார்ப்பான் என்பது அவர் எண்ணம். பலன் என்னவென்றால், கோடிக்கணக்கில் கொள்ளையடிக்கப் போகிறவன் நாச்சோஸ் என்ற சோள வறுவலைத் தின்னும்போது நமக்குப் பயம் போய்விடுகிறது. இவனுக்கே பதற்றமில்லை, நமக்கு எதற்கு என்று சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறோம். பதற்றம் இல்லை என்று நீங்கள் சொன்னது உண்மை. நமக்கு நகம் கடிக்கிற அவஸ்தையைக் கொடுக்க இந்தப் படம் முயலவே இல்லை. கைதேர்ந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை நடப்பதைப் பார்க்கிற சுகத்தைத்தான் கொடுக்கிறது. மெக்கானிக் எஞ்சினைக் கழற்றுவதைச் சுற்றி நின்று பார்க்கிறோமே, அதே ஆசைதான்.

கும்பலில் நம்மைச் சேர்த்துக்கொள்வது என்று சொன்னதைக் காட்டச் சில இடங்கள். இவர்கள் பழைய மோசடி வித்தைகளுக்குக் குத்துச்சண்டை வீரர், பாடகி, நடிகர் பெயர்களில் குறிப்புப் பெயர் வைத்திருக்கிறார்கள். டேனியும் ரஸ்டியும் அவற்றை அடுக்கிக்கொண்டே போவார்கள். எது என்ன என்று யாரும் விளக்க மாட்டார்கள். நாமும் புரிந்தவர்கள் மாதிரி தலையாட்டிவிடுவோம். யென் என்ற கழைக்கூத்தாடி (நடித்தவர் ஷாபோ சின், பீக்கிங் அக்ரோபேட்ஸ் குழுவிலிருந்து வந்தவர்) ஏறக்குறைய முழுக்கச் சீன மொழியிலேயே பேசுகிறான். கூட இருப்பவர்கள் அதற்கு ஆங்கிலத்தில் சர்வசாதாரணமாகப் பதில் சொல்கிறார்கள். திரையில் மொழிபெயர்ப்பு வராது. வந்திருந்தால் நாம் வெளியாள். வராததால் உள்ளாள். பத்துப் பேர் சேர்ந்த பிறகு டேனியும் ரஸ்டியும் ஒரு மதுக்கடையில் உட்கார்ந்திருக்கும் காட்சியில் டேனி மட்டும் பேசுகிறான், ரஸ்டி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அந்த மௌனத்திலிருந்தே இன்னும் ஒரு ஆள் வேண்டும் என்ற முடிவு வந்துவிடுகிறது. இருபது வருடப் பழக்கம் இருவருக்கும் இருக்கிறது என்று வசனத்தில் யாரும் சொல்லத் தேவையில்லை.

இந்த வகைப் படங்களுக்கு ஒரு பழைய நியதி இருக்கிறது. திட்டத்தை முன்கூட்டியே முழுசாக நமக்குச் சொல்லிவிட்டால், அந்தத் திட்டம் எங்கேயாவது உடைய வேண்டும். திட்டம் நினைத்தபடி நடக்கப்போகிறது என்றால், ஒரு பகுதியை நம்மிடமிருந்து மறைக்க வேண்டும். மறைப்பதில்தான் நேர்மை வேண்டும். இந்தப் படத்தில் அது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் விவரமாகப் பார்க்கலாம்.

கும்பல் ஒரு கிடங்கில் பெலாஜியோ பெட்டக அறையின் நகலைக் கட்டுகிறது. யென் அதில் குதித்துப் பழகுகிறான். ஒத்திகைக்காகக் கட்டினார்கள் என்று நாமும் நினைத்துக்கொள்கிறோம். கொள்ளை இரவில் பெனடிக்ட் கண்காணிப்புத் திரையில் முகமூடி ஆட்கள் தன் பெட்டக அறையைக் காலி செய்வதைப் பார்க்கிறான். தொலைபேசியில் ரஸ்டி, பாதிப் பணத்தை விட்டுவிடுகிறோம், மீதியை வெளியே போக விடு, இல்லையென்றால் எல்லாவற்றையும் வெடித்துவிடுவோம் என்கிறான். பெனடிக்ட் போலீசுக்குப் போன் செய்கிறான். அதிரடிப் படை வருகிறது, உள்ளே போகிறது, சண்டைச் சத்தம் கேட்கிறது, திரும்பிப் போகிறது. பெனடிக்ட் பின்தொடர விட்ட வேனில் பணம் இல்லை, விளம்பரக் காகிதங்கள்தான். பிறகுதான் அவனுக்கு உறைக்கிறது: தன் பெட்டக அறையின் தரையில் புதிதாகப் பதித்த பெலாஜியோ என்ற பெயர், திரையில் பார்த்த தரையில் இல்லை. அவன் பார்த்தது முன்பே அந்த நகல் அறையில் எடுத்த படம். அவன் செய்த போன், கும்பலிடமே போய்ச் சேர்ந்தது. வந்த அதிரடிப் படை, டேனியின் ஆட்கள். பணம் அவர்கள் தோள்பையில் வாசல் வழியாகவே போய்விட்டது.

நகல் அறை கட்டப்படுவதை நாம் கண்ணால் பார்த்தோம். நம்மிடம் பொய் எதுவும் சொல்லவில்லை. நாம் தப்பாக அர்த்தம் பண்ணிக்கொண்டோம், அவ்வளவுதான். விஷயம் தெரிந்ததும் ஏமாந்த கசப்பு வராமல், அட என்று சிரிப்பு வருவதற்கு இதுதான் காரணம். டேனியைக் கும்பலிலிருந்து ஒதுக்கி வைத்தது, அவன் அறைக்குள் அடியாளிடம் மாட்டியது எல்லாமே இதே முறையில்தான் பின்னால் வேறு அர்த்தத்துக்குத் திரும்புகின்றன.

ஓட்டை இல்லையா? இருக்கிறது. வேனில் போன அந்த விளம்பரக் காகிதங்கள் பெட்டக அறைக்குள் எப்படி வந்தன என்பதற்குப் படத்தில் பதில் கிடையாது. உள்ளே போனவர்கள் கையில் அவ்வளவு பெரிய மூட்டை இல்லை. கொள்ளைக்காக நகரம் முழுக்க மின்சாரத்தை நிறுத்த இவர்கள் கொண்டுவரும் கருவியும், ஒரு வேனில் ஏற்றிப் போகிற அளவில் இருப்பது நம்பும்படியில்லை. இவை குறைகள்தான். இருந்தாலும் முதல் தடவை பார்க்கும்போது யாரும் கவனிப்பதில்லை, ஏனென்றால் வேகம் கவனிக்க விடுவதில்லை. பெல்ஃபாஸ்ட்காரரான டேவிட் ஹோம்ஸ் போட்ட இசைக்கு இதில் பெரிய பங்கு. பாஸ் கிடாரும் பழைய ஆர்கனும் சேர்ந்து, நடக்கிறவர்களின் காலடிக்குத் தாளம் போடுகின்றன. ஒளிப்பதிவு பீட்டர் ஆண்ட்ரூஸ் என்று பெயர்ப் பட்டியல் சொல்லும். அது சோடர்பெர்க்கேதான், தந்தையின் பெயரை எடுத்து வைத்துக்கொண்டது. இயக்குநரே கேமராவைக் கையில் வைத்திருப்பதால் நடிகர்களோடு அவரும் ஒருவராக நிற்கிறார். அகலத் திரையில் ஐந்தாறு பேரை ஒன்றாக நிற்க வைத்து, யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பதை நாமே தேடிக்கொள்ள விடுகிறார்.

போகிற போக்கில் ஒன்று. படத்தில் அந்த இரவு குத்துச்சண்டையில் மோதுவது லெனாக்ஸ் லூயிஸும் விளாடிமிர் கிளிட்ச்கோவும். இருவரும் தங்கள் நிஜப் பெயரிலேயே வந்து நடித்தார்கள். நிஜ வாழ்க்கையில் இந்த மோதல் நடக்கவே இல்லை. லூயிஸ் 2003-ல் மோதியது விளாடிமிரின் அண்ணன் விதாலியோடு.

இந்தப் படத்திலும் எல்லாம் நிறைவு என்று சொல்ல மாட்டேன். டெஸ் பாத்திரத்துக்கு எழுத்தில் உயிர் குறைவு. இரண்டு ஆண்களுக்கு நடுவில் ஒரு பரிசுப் பொருளாகத்தான் நிற்கிறாள். ராபர்ட்ஸின் சிரிப்பு இல்லாவிட்டால் அந்தப் பகுதி விழுந்திருக்கும். கும்பலின் வெடிமருந்து ஆளாக வரும் டான் சீடிலின் லண்டன் உச்சரிப்பு பிரிட்டிஷ்காரர்களிடம் நல்ல கேலிக்கு ஆளானது. பெயர் எங்கே, எப்படி வர வேண்டும் என்பதில் உடன்பாடு வராமல், அவர் பெயரே பட்டியலில் இல்லாமல் படம் வெளியானது. விட்டுக்கொடுத்து நடித்த கூட்டத்தில் அது ஒரு வருத்தமான விஷயம்.

இனி அடுத்த படங்கள். 2004-ல் வந்த ‘ஓஷன்ஸ் ட்வெல்வ்’ எதனால் பலரை எரிச்சல்படுத்தியது என்று பார்த்தால் நான் சொல்ல வருவது இன்னும் தெளிவாகும். ஆம்ஸ்டர்டாம், ரோம், கோமோ ஏரி என்று ஊர் சுற்றுகிறார்கள். அப்போது க்ளூனிக்கு அந்தக் கோமோ ஏரிக்கரையிலேயே ஒரு வீடும் இருந்தது. வின்சென்ட் கசெல் நடித்த பிரெஞ்சுத் திருடனோடு போட்டி, ஒரு முட்டை வடிவ அரச ஆபரணத்தை யார் முதலில் திருடுவது என்று. லேசர் கதிர்களுக்கு நடுவே கசெல் ஆடியபடி நழுவும் காட்சி அழகு. பிறகு கடைசியில் வந்து, அந்த முட்டையை நாங்கள் முன்பே ரயிலிலேயே எடுத்துவிட்டோம் என்கிறார்கள். நாம் பார்த்த முயற்சிகள், தோல்விகள், கைதுகள் எல்லாம் வீண். அந்த ரயில் விஷயம் நடந்திருக்கலாம் என்று யோசிக்க நமக்கு ஒரு நூல்கூடக் கொடுக்கவில்லை. முதல் படத்தின் நகல் அறையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். இங்கே நாம் கும்பலில் இல்லை, கும்பலிடம் ஏமாந்தவர்கள் வரிசையில் இருக்கிறோம். டெஸ், ஜூலியா ராபர்ட்ஸ் மாதிரி வேடம் போட்டு, அங்கே நிஜ புரூஸ் வில்லிஸிடம் மாட்டிக்கொள்ளும் பகுதியைப் பலர் திட்டுகிறார்கள். எனக்கு அது பிடிக்கும். முதல் படத்தில் அவருக்குக் கிடைக்காத நகைச்சுவை அதில்தான் கிடைத்தது.

2007-ன் ‘ஓஷன்ஸ் தர்ட்டீன்’ மறுபடி வேகஸுக்கு வருகிறது. அல் பசினோ வில்லன். ரூபனை ஏமாற்றி நோயில் தள்ளியவனின் புது விடுதியை, திறப்பு விழா இரவிலேயே நஷ்டத்தில் மூழ்கடிப்பதுதான் திட்டம். கட்டுக்கோப்பில் இரண்டாவது படத்தைவிட மேல். அதில் ஒரு கிளைக்கதையை என்னால் மறக்க முடியாது. பகடைக்காய் செய்யும் மெக்சிகோ ஆலைக்கு, காய்களில் கோளாறு செய்துவிட்டு வர வர்ஜில் (ஆஃப்லெக்) அனுப்பப்படுகிறான். போனவன் அங்கே தொழிலாளர்களின் நிலைமையைப் பார்த்து வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கத் தொடங்கிவிடுகிறான். அவனைத் திருப்பிக் கூட்டிவரப் போன சகோதரனும் போராட்டத்தில் சேர்ந்துவிடுகிறான். கோடிகளில் திட்டம் போடுகிறவர்கள் கணக்குப் பார்த்தால், மொத்தத் தொழிலாளர்கள் கேட்கும் உயர்வும் அவர்களுக்குச் சில்லறை. கொடுத்து முடிக்கிறார்கள். விடுதியை மதிப்பிட வந்து, கும்பலின் திட்டத்தால் எல்லா அவதியும் பட்ட ஒரு அப்பாவிக்குப் போகும்போது பெரிய பரிசு விழும்படி ஏற்பாடு செய்துவிட்டுப் போவதும் இதில்தான். கும்பலுக்கு மனசாட்சி இருக்கிறது என்று நம்ப வைப்பது இந்த மாதிரி இடங்கள்.

2018-ல் ‘ஓஷன்ஸ் எய்ட்’ வந்தது, இயக்கம் கேரி ராஸ். டேனியின் தங்கை டெபியாக சாண்ட்ரா புல்லக், கூடவே கேட் பிளான்செட், ஹெலினா பான்ஹாம் கார்ட்டர், ரிஹானா, சாரா பால்சன், ஆக்வாஃபினா, மிண்டி கேலிங். நகை வேலை தெரிந்த பெண்ணாக வரும் கேலிங்கின் இயற்பெயர் வேரா மிண்டி சொக்கலிங்கம், தந்தை தமிழர். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஆண்டுதோறும் நடக்கும் மெட் காலா விருந்தில், ஒரு நடிகையின் கழுத்திலிருந்து, பிரெஞ்சு நகை நிறுவனமான கார்டியேயின் வைர ஆரத்தை எடுப்பது திட்டம். இந்த ஆரத்துக்குப் பின்னால் ஒரு இந்தியக் கதை இருக்கிறது. 1931-ல் நவாநகர் மகாராஜாவுக்காக ஜாக் கார்டியே வடிவமைத்த ஆரத்தைப் பார்த்துத்தான் படத்துக்கானதைக் கார்டியே நிறுவனமே செய்து கொடுத்தது. மூல ஆரம் இப்போது முழுதாக இல்லை. அது ஆணின் மார்புக்கு அளவெடுத்தது என்பதால், அந்த நடிகையாக வரும் ஆன் ஹாத்தவேயின் கழுத்துக்கு ஏற்றபடி சிறிதாக்கினார்கள். மகாராஜாக்களின் நகை என்றால் ராணிகள் அணிந்தது என்று நாம் எண்ணிக்கொள்வோம். அந்தக் காலத்தில் அதிகம் அணிந்தவர்கள் ராஜாக்களே.

ஹாத்தவேதான் அந்தப் படத்தின் உயிர். தன்னைப் பற்றியே எப்போதும் நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு நட்சத்திரமாக வந்து, அந்தப் பெருமையை இழைத்து இழைத்துக் காட்டுகிறார். கடைசியில் எல்லாரும் நினைத்ததைவிட அவள் புத்திசாலி என்று தெரியும்போது கைதட்டத் தோன்றும். ஆனால் படத்தின் குறை பெரியது: எதிரி இல்லை. பெனடிக்ட் மாதிரி ஒருவன் முழுக் கதையிலும் எதிரே நின்று கவனித்துக்கொண்டிருந்தால்தான், இவர்களின் அலட்சியம் அழகாகத் தெரியும். இங்கே எல்லாம் முதல் முயற்சியிலேயே நடந்துவிடுகிறது. துப்பறிய வரும் காப்பீட்டு ஆள் படம் முடியப் போகும் நேரத்தில் வருகிறார். பெண்கள் கூட்டமாக எடுத்ததால் படம் பலவீனமானது என்று சிலர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். நடிகைகள் ஒருவருக்கொருவர் இடம் கொடுத்து அருமையாகவே நடிக்கிறார்கள். அவர்களுக்குத் தடை ஒன்றை எழுதிக் கொடுக்காததுதான் பிழை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தை இனிமையாகப் போக்கும் என்பதில் சந்தேகமில்லை.

சோடர்பெர்க் 2017-ல் ‘லோகன் லக்கி’ என்று ஒரு படம் எடுத்தார். அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வேன். சூட்டும் இல்லை, பெலாஜியோவும் இல்லை. மேற்கு வர்ஜீனியாவில் வேலை போன அண்ணனும், போரில் ஒரு கையை இழந்த தம்பியும் சேர்ந்து, சார்லட் கார் பந்தய மைதானத்தின் பணத்தைத் திருடத் திட்டம் போடுகிறார்கள். வெடிமருந்து ஆளாக வரும் டேனியல் க்ரெய்க், இனிப்பு மிட்டாய்களை வைத்துக் குண்டு செய்கிறார். படத்துக்குள் வரும் தொலைக்காட்சிச் செய்தியே இவர்களைப் பழைய கும்பலோடு ஒப்பிட்டுப் பட்டப்பெயர் வைக்கும். பணக்காரக் கொள்ளையர்களைவிட இந்த ஏழைக் குடும்பத்தின் மேல் எனக்குப் பாசம் அதிகம். மகளின் அழகுப் போட்டி நேரத்துக்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்ற அண்ணனின் கவலை, 15 கோடி டாலரைவிடப் பெரியதாகத் தெரிகிறது.

இந்த வகையின் வேரைத் தேடுகிறவர்களுக்கு இரண்டு பெயர்கள். கம்யூனிஸ்ட் என்று ஹாலிவுட்டில் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டு, வேலை கிடைக்காமல் ஐரோப்பாவுக்குப் போன ஜூல்ஸ் டாசின், 1955-ல் பாரிஸில் ‘ரிஃபிஃபி’ எடுத்தார். அதில் கொள்ளை நடக்கும் ஏறக்குறைய அரை மணி நேரம் வசனமும் இல்லை, இசையும் இல்லை. நகைச்சுவை துளிக்கூட இல்லாத படம், ஆனால் வேலை நடப்பதைப் பார்க்கிற இன்பத்தை முதலில் முழுசாகக் கொடுத்தது அதுதான். மூன்று வருடம் கழித்து இத்தாலியில் மாரியோ மோனிச்செல்லி அந்த வகையையே கிண்டலாக்கி ஒரு படம் எடுத்தார். விட்டோரியோ காஸ்மன், மார்செல்லோ மாஸ்ட்ரோயானி, டோட்டோ என்று அதிலும் பெரிய கூட்டம். ரோம் நகரத்து ஏழைத் திருடர்கள் அடகுக்கடைக்குப் போகும் சுவர் என்று நினைத்து, தாங்கள் நிற்கிற வீட்டின் சமையலறைச் சுவரையே உடைத்துவிடுகிறார்கள். சரி, வந்தது வந்தோம் என்று அங்கே இருந்த கொண்டைக்கடலை போட்ட பாஸ்தாவைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். ஆங்கிலத்தில் ‘பிக் டீல் ஆன் மடோனா ஸ்ட்ரீட்’ என்ற பெயரில் கிடைக்கும்.

மறுபடி பார்க்கப் போகிறீர்கள் என்றால், 2001 படத்தில் கொள்ளையை விட்டுவிட்டு இந்தத் தடவை கார்ல் ரைனரை மட்டும் கவனியுங்கள். அப்போது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தவர், அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவையை உருவாக்கியவர்களில் ஒருவர். சால் என்ற ஓய்வுபெற்ற மோசடிக்காரனாக நாய்ப் பந்தய மைதானத்தில் ஆரஞ்சுப் பழத்தோடு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு வேண்டாம் என்கிறார், பிறகு வருகிறார். வயிற்றுப்புண்ணுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, கண்ணாடி முன் நின்று தன்னையே தேற்றிக்கொண்டு, வெளிநாட்டு ஆயுத வியாபாரியாக மாறி அந்த விடுதிக்குள் நடக்கும்போது முதுகு நிமிர்கிறது, குரல் மாறுகிறது. பாதுகாப்பு அறையில் மாரடைப்பு வந்ததாக விழும் நேரத்தில், நடிக்கிறாரா நிஜமா என்று ஒரு கணம் நமக்கும் சந்தேகம் வருகிறது. கூட இருந்த பெர்னி மேக் 2008-ல் போய்விட்டார், ரைனர் 2020-ல். அந்தப் பதினோரு பேரை அப்படியே இனி யாராலும் கூட்ட முடியாது. 2004 படத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், முதலில் பார்த்தால் மற்றவற்றின் மேல் ஆசை போய்விடும்.